ஸ்வரக் குறிப்பு: நோட்டுப் புத்தகமும் கணினித் திரையும்

மும்பையில் இசையை எழுதி வைக்க மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி வீடுகளில் கர்நாடக சங்கீதம் கற்பவர்கள் ஸ, ரி, க, ம என்று எழுத்துகளால் எழுதுகிறார்கள். இந்துஸ்தானி கற்பவர்கள் அதே ஏழு ஸ்வரங்களைத் தேவநாகரியில், பாத்கண்டே அல்லது பலுஸ்கர் வகுத்த குறிகளோடு எழுதுகிறார்கள். வயலின், பியானோ, கிதார் கற்று லண்டன் டிரினிடி கல்லூரித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஐந்து கோடுகளில் புள்ளி வைக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன். பேனா போதுமா, மென்பொருள் வேண்டுமா என்று கேட்டால் மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. இசையில் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதில் மூன்று முறைகளும் வேறுபடுகின்றன. மென்பொருளோ அவற்றில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து உருவானது.

அந்த ஒன்று ஸ்டாஃப் நொட்டேஷன். கோட்டில் எந்த இடத்தில் புள்ளி விழுகிறதோ, அந்த ஒலிதான். பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்ப அது நகராது. பல பேர் தங்கள் தங்கள் தாளை மட்டும் பார்த்து வாசித்தாலும் கூட்டாகக் கேட்கும்போது ஒரே இசையாக வர வேண்டும் என்ற தேவைக்காக வளர்ந்த முறை இது. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குய்தோ கோடுகளில் எழுதும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தினார். 1501-இல் வெனிஸ் நகரில் பெத்ருச்சி அதை அச்சில் கொண்டுவந்தார். அச்சு வந்த பிறகும் பல நூற்றாண்டுகளுக்குப் புது இசை பெரும்பாலும் கையெழுத்தில்தான் புழங்கியது.

மும்பைத் திரையிசைக்கு இந்த எழுத்து பெரிதும் கோவா வழியாக வந்தது. போர்ச்சுகீசியர் காலத்துக் கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் சிறுவர்களுக்கு ஸ்வரம் படிக்கவும் வயலின் வாசிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே தேறியவர்கள் பிழைப்புத் தேடி பம்பாய் ஓட்டல்களின் இசைக் குழுக்களுக்கு வந்தார்கள். அங்கிருந்து சினிமா ஸ்டுடியோக்களுக்குப் போனார்கள். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதற்கு வயலின் கூட்டம் எங்கே வர வேண்டும், செல்லோ எதை வாசிக்க வேண்டும், டிரம்பெட் எத்தனை தாளம் பொறுத்திருக்க வேண்டும் என்று கோடு போட்ட தாளில் எழுதுவது அரேஞ்சரின் வேலை. சங்கர்–ஜெய்கிஷன் பாடல்களுக்கு செபாஸ்டியன் டிசோசா செய்தது இந்த வேலைதான். கோவாவின் மஜோர்தாவில் பிறந்த அந்தோணி கோன்சால்வெஸ், பின்னாளில் இசையமைப்பாளர்களான பியாரேலாலுக்கும் ஆர். டி. பர்மனுக்கும் வயலின் கற்றுக்கொடுத்தவர். 1977-இல் வந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில் கதாநாயகர்களில் ஒருவருக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது. அந்தப் படத்தின் பாடலில் அந்தப் பெயரைக் கேட்ட கோடிக்கணக்கானோருக்கு அப்படி ஒரு வயலின் வாத்தியார் இருந்தார் என்பது தெரியாது.

அரேஞ்சர் எழுதும் முழுத்தாளுக்கு ஸ்கோர் என்று பெயர். எல்லா வாத்தியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் வாசிக்க முடியாது. இரண்டு தாளத்துக்கு ஒரு முறை பக்கம் திருப்ப வேண்டிவரும். ஆகவே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய வரியைத் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். நகலெடுப்பவரின் பாடு இங்கேதான் தொடங்குகிறது. எல்லா வாத்தியமும் ஒரே மாதிரி படிப்பதில்லை. ஒரு கட்டை ஸ்ருதியின் ஸட்ஜம் ஒலிக்க வேண்டுமானால், வழக்கமான கிளாரினெட்காரரின் தாளில் இரண்டு கட்டைக்குரிய புள்ளியை வைக்க வேண்டும். ஹார்ன்காரருக்கு ஐந்து கட்டை. ஆல்டோ சாக்ஸபோன்காரருக்கு ஆறு கட்டை. ஒவ்வொரு புள்ளியையும் மனத்துக்குள் மாற்றி மாற்றி எழுத வேண்டும். நடுவில் ஒரு கோமளக் குறி விட்டுப்போனால் அது தாளில் தெரியாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அத்தனை பேரும் வாசிக்கும்போதுதான் காதில் இடிக்கும். டேக் நிற்கும். யாருடைய தாளில் பிழை என்று தேட வேண்டும். வாடகைக்கு எடுத்த ஸ்டுடியோவில் அந்தத் தேடலுக்கும் மணிக்கணக்கில் பணம்.

மென்பொருள் முதலில் விடுவித்தது இந்த நகலெடுப்பாளரைத்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லேலண்ட் ஸ்மித் 1970-களில் உருவாக்கிய ‘ஸ்கோர்’ இந்த வகை மென்பொருளின் முன்னோடிகளில் ஒன்று. வாத்தியமும் கணினியும் பேசிக்கொள்ளும் ‘மிடி’ முறை 1983-இல் வந்ததும் வேகம் கூடியது. 1988-இல் ‘ஃபினாலே’ விற்பனைக்கு வந்தது. 1993-இல் பென் ஃபின், ஜோனதன் ஃபின் என்ற பிரிட்டிஷ் இரட்டையர் ‘சிபேலியஸ்’ மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். 2006-இல் அதை வாங்கிய அவிட் நிறுவனம் 2012-இல் லண்டன் அலுவலகத்தை மூட, அங்கே வேலை செய்த குழு ஸ்டைன்பெர்க் நிறுவனத்துக்குப் போய் 2016-இல் ‘டோரிகோ’வை வெளியிட்டது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் ‘மியூஸ்ஸ்கோர்’ வந்தபின் கல்லூரி மாணவரும் இந்த வசதிக்குள் வந்துவிட்டார்.

இவற்றில் ஸ்கோரை ஒரு முறை எழுதினால் போதும். வாத்தியவாரியாகப் பிரிப்பதும் கிளாரினெட்டுக்குத் தகுந்தபடி மாற்றுவதும் சில நொடிகளில் முடிகின்றன. பாடகருக்குச் சுருதி எட்டவில்லை என்று கடைசி நேரத்தில் அரைக் கட்டை இறக்கச் சொன்னால், முன்பு அது ஓர் இரவுக் கண்விழிப்பு. இப்போது ஒரு கட்டளை. வயலினின் எல்லைக்குக் கீழே ஒரு ஸ்வரத்தை எழுதிவிட்டால் சில மென்பொருள்கள் அதைச் சிவப்பாக்கிக் காட்டும். இந்த அளவில் கையெழுத்துக்காக வாதாட ஒன்றுமில்லை. நரிமன் பாயிண்டில் தேசிய நிகழ்கலை மையம் 2006 முதல் நடத்திவரும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா போன்ற குழுவுக்குப் புதிதாக எழுதுகிற ஒருவர், தெளிவாக அச்சான, பக்கம் திருப்ப இடைவெளி பார்த்து அமைத்த தாள்களைக் கொடுப்பதே வாசிப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

எழுதி முடித்ததைப் பிரதி எடுப்பது வேறு, இசையை உருவாக்குவது வேறு. சிக்கல் இரண்டாவதில் எழுகிறது. மென்பொருள் எழுதியதை உடனே வாசித்துக் காட்டும். புதிதாக எழுதுபவருக்கு இது பெரிய ஆறுதல், ஏமாற்றமும் இதில்தான். புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயி மெல்லியது. எதிரே மூன்று டிரம்பெட் முழங்கினால் மேடையில் அது கேட்காது. கணினியிலோ இரண்டின் ஒலியளவையும் பொத்தான் தீர்மானிப்பதால் குழல் கணீரென்று கேட்கும். மூச்சு வாங்க இடமில்லாமல் நாற்பது தாளம் நீளும் ஓபோ வரியையும் கணினி சளைக்காமல் வாசித்துவிடும். தாளில் எழுதிப் பழகியவர் இந்த ஒலிகளை முன்கூட்டியே மனத்தில் கேட்டாக வேண்டும். வேறு வழியில்லாததால் அந்தக் காது வளர்ந்தது.

மென்பொருள் அரைகுறையாக எதையும் ஏற்காது என்பது இன்னொரு சங்கடம். நான்கு எண்ணிக்கைத் தாளம் என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு எண்ணிக்கை நிரம்ப வேண்டும். எழுதாத இடத்தை அதுவே மௌனக் குறியால் நிரப்பும். காகிதத்தில் ஒரு வளைகோடு இழுத்து ‘இங்கே ஏதோ ஏறி வருகிறது’ என்று விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அடித்தது அடித்தபடி இருக்கும். பீத்தோவனின் குறிப்பேடுகளில் ஒரே மெட்டு எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் இன்றும் படிக்க முடிவது அதனால்தான். கணினியில் அழித்த ஸ்வரம் போயே போய்விடும். நகலெடுத்து ஒட்டும் வசதியும் ஆபத்தில்லாததல்ல. இரண்டாம் சரணத்தின் இடையிசை முதல் சரணத்தின் நகலாக இருப்பதற்குப் பல சமயம் காரணம் அந்த வசதிதான். கையால் எழுத வேண்டியிருந்தால், எழுதுகிற சலிப்பிலாவது இரண்டு இடங்கள் மாறியிருக்கும்.

தமிழ்நாட்டில் கையெழுத்தின் பக்கம் நிற்கும் மிகப் பெரிய சாட்சி இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய முறையைக் கற்று, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை செய்து, 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் இசையமைப்பாளரானவர் அவர். வாத்தியத்தைத் தொடாமல், எல்லா வாத்தியங்களின் வரிகளையும் நேரடியாகத் தாளில் எழுதுவது அவருடைய வழக்கம். வாசிப்பவர்களுக்கான பகுதிகள் அந்தத் தாளிலிருந்து பிரித்து எழுதப்படும். மும்பையில் இசையமைப்பாளர், அரேஞ்சர், நகலெடுப்பவர் என்று பிரிந்து கிடந்த வேலையில் முதல் இரண்டும் இங்கே ஒரே கையில் சேர்ந்தன. பாடலின் மெட்டும் அதன் அடியில் ஓடும் பேஸ் கிதாரும் சேர்ந்தே பிறந்தவை போல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அரங்கேறிய ‘வேலியண்ட்’ சிம்பொனி வரை இந்தப் பழக்கம் தொடர்ந்திருக்கிறது. 1992-இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ. ஆர். ரஹ்மான் இன்னொரு வழியைப் பிரபலமாக்கினார். அதில் எழுத்து முதலில் வருவதில்லை. ஒலியைக் கணினியில் பதிந்து, அடுக்கி, மாற்றி, வேண்டியபோது மட்டும் வயலின் குழுவுக்குத் தாள் தயாரிக்கிறார்கள். இன்றைய மும்பை, சென்னை ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கின்றன.

கர்நாடக சங்கீதத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. கீர்த்தனை இயற்றியவர்கள் பாடி இயற்றினார்கள், எழுதியவர்கள் சீடர்கள். தியாகராஜரின் பாடல்களை வாலாஜாப்பேட்டைச் சீடர்கள் எழுதி வைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. அவை ஏற்கெனவே பாட்டைக் கேட்டவருக்கான நினைவுக் குறிப்புகள். கேட்டிராதவரும் பாடும்படி எழுத முடியுமா என்ற கேள்வி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வலுத்தது. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890-களில் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டார். அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் அரண்மனையின் ஆதரவும் சேர, சுப்பராம தீட்சிதர் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் தெலுங்கில் வெளியிட்டார். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று, கமகம் எனப்படும் ஸ்வர அசைவு ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வைத்து, அதை ஸ்வரத்தின் தலைமேல் அச்சிட்ட நூல் அது. ஈயத்தில் எழுத்து கோத்த காலத்தில் அச்சகத்துக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்பது அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே விளங்கும்.

அதே 1904-இல் பம்பாய் வால்கேஷ்வரைச் சேர்ந்த வழக்கறிஞர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே தென்னாட்டுக்குப் பயணம் வந்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். ஊர் திரும்பியவர் பின்னாளில் நூற்றுக்கணக்கான இந்துஸ்தானி பந்திஷ்களைத் திரட்டி, ‘கிரமிக் புஸ்தக் மாலிகா’ என்ற ஆறு பாகங்களில் வெளியிட்டார். கோமள ஸ்வரத்துக்கு அடிக்கோடு, தீவிர மத்தியமத்துக்கு மேலே நிற்கும் கோடு, தாரஸ்தாயிக்கு மேல்புள்ளி, மந்தரத்துக்குக் கீழ்ப்புள்ளி: அவர் குறிகள் எளிமையானவை. பலுஸ்கர் முறையில் மேல்புள்ளி மந்தரத்தைக் குறிக்கும். தாரத்துக்கு மேலே ஒரு கோடு. காந்தர்வ மகாவித்யாலய தேர்வுகளில் இரண்டு முறைகளும் கேட்கப்படுவதால், ஒரு புள்ளியில் ஸ்தாயி தலைகீழாகிவிடாமல் பார்த்துக்கொள்வது மாணவர்களின் தலைவலி.

ஒரு கர்நாடக நோட்டுப் பக்கத்தைத் திறந்தால் தலைப்பில் ராகமும் தாளமும் இருக்கும். சங்கராபரணம் என்று எழுதிவிட்டால் எந்த ரிஷபம், எந்த காந்தாரம் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. சரளி வரிசையின் முதல் வரியை ஆதி தாளத்தில் நான்கு, இரண்டு, இரண்டு அட்சரங்களாக ஒற்றைக் கோட்டால் பிரித்து, முடிவில் இரட்டைக் கோடு போடுவார்கள். குறில் எழுத்து ஓர் அளவு, நெடில் இரண்டு. காற்புள்ளி ஓர் அளவு நீட்சி, அரைப்புள்ளி இரண்டளவு. ஸ்வரங்களின் தலைமேல் ஒரு கோடு இழுத்தால் இரண்டாம் காலம், இரண்டு கோடு இழுத்தால் மூன்றாம் காலம். இவ்வளவுதான். ஸட்ஜம் எந்தக் கட்டை என்று பக்கத்தில் எங்கும் இருக்காது. ஒரு கட்டையில் பாடுகிற ஆணும் ஐந்தரைக் கட்டையில் பாடுகிற பெண்ணும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பாடலாம். சுருதி மாற்றித் தருவதும் வாத்தியவாரியாகப் பிரித்துத் தருவதும்தான் மென்பொருளின் இரண்டு பெரிய சேவைகள். தம்புரா, குரல், வயலின், மிருதங்கம் மட்டும் உள்ள கச்சேரியில் இரண்டுக்கும் வேலையே இல்லை.

ஸ்வரப்படுத்தி எழுதும்போது விட்டுப்போவதும் உண்டு. தோடி காந்தாரம் ‘க’ என்ற ஒற்றை எழுத்தாகத்தான் தாளில் இருக்கும். பாடும்போது அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். அசையாமல் நின்றால் தோடி இல்லை. பாட்டுக் கற்றவர் ‘க’வைப் பார்த்ததும் தொண்டை தானாக அசையும். மென்பொருளில் அதே ஸ்வரத்தை இட்டு வாசிக்கச் சொன்னால் பியானோவின் ஒரு கறுப்புக் கட்டை அழுத்தியதுபோல் நேராக நிற்கும். ஒலியை வளைக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக வளைவு வரைய வேண்டும். ஒரு வர்ணத்தை அப்படி உள்ளிடுகிற நேரத்தில் அதைப் பாடமே பண்ணிவிடலாம். கர்நாடக எழுத்துகளை உள்ளிட்டால் கமகத்தோடு ஒலிக்க முயலும் ‘காயகா’ போன்ற தனி மென்பொருள்களும் வந்துள்ளன. ஆனால் பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் அசைவு மாறும்போது எதை விதியாக எழுதுவது என்ற கேள்வி எஞ்சுகிறது.

தமிழில் தட்டச்சு செய்பவருக்குத் தனித் தொல்லை ஒன்று. தாரஸ்தாயி ஸட்ஜத்துக்கு மேலே வைக்கும் புள்ளி, மெய்யெழுத்தின் புள்ளியாகவே தெரிகிறது. கையால் எழுதுபவர் அதைச் சற்றுத் தள்ளியோ பெரிதாகவோ வைத்துச் சமாளிப்பார். கணினி எழுத்துருவில் புள்ளிக்கு இடம் ஒன்றுதான். ‘ரி’, ‘நி’ போன்றவற்றின் மேல் வைக்கப்போனால் மேல்விலங்கில் இடித்துக்கொண்டு நிற்கும். காலக் கோடு வேண்டிய ஸ்வரங்களோடு நிற்காமல் பக்கத்து ஸ்வரத்துக்கும் ஓடிவிடும். ஸ்வரத்துக்கு நேர் கீழே சாகித்யத்தை நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும். இன்னொரு கணினியில் திறந்தால் எழுத்துரு மாறி வரிசை கலைந்துவிடும். நோட்டுப் புத்தகத்தில் எழுதி, போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவதே பல ஆசிரியர்களின் நடைமுறையாக இருப்பதில் வியப்பில்லை. கணினியின் வசதி கொஞ்சமும் கையெழுத்தின் சுதந்திரம் முழுவதும் அதில் இருக்கிறது.

ஆனாலும் மும்பைப் புறநகர்களில் தட்டச்சுக்கு ஒரு நியாயமான தேவை உண்டு. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வாடகைக்குப் பயந்து மத்திய ரயில்வே தடத்தில் டோம்பிவிலிக்கு நகர்ந்த குடும்பங்களில் இப்போது படிப்பது அடுத்த தலைமுறை. பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி. வீட்டில் தமிழ் பேச்சோடு சரி. ஷண்முகானந்த சபையில் கச்சேரி கேட்டு ரசிக்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஒரே பாடத்தைத் தமிழிலும் தேவநாகரியிலும் ஆங்கில எழுத்திலும் தர வேண்டியிருக்கிறது. கையால் என்றால் மூன்று முறை எழுத வேண்டும். ஸ்வரங்கள் ஏழே எழுத்துகள் என்பதால் கணினி அதைப் பிழையில்லாமல் மாற்றித் தரும். சாகித்யத்தை மாற்றும்போதுதான் ல, ழ, ள குழப்பம் வரும். வெளிநாட்டு மாணவர்களுக்கு இணையத்தில் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கும் இதே தேவைதான்.

எழுதியது எத்தனை காலம் நிற்கும் என்பதில் இரு தரப்புக்கும் பெருமைப்பட அதிகம் இல்லை. மும்பை ஸ்டுடியோக்களில் அரேஞ்சர்கள் எழுதிய தாள்கள் ஒலிப்பதிவு முடிந்ததும் வேண்டாதவை ஆயின. இசைத்தட்டு இருக்கிறது, தாள் எதற்கு என்ற எண்ணம். அவற்றில் மிகுதியும் பாதுகாக்கப்படவில்லை. இன்று அந்தப் பாடல்களை மேடையில் வாசிக்க விரும்புகிற குழுக்கள் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதை மறுபடி எழுதுகின்றன. கணினிக் கோப்புகளின் கதியும் மேலானதல்ல. 2024 ஆகஸ்டில் மேக்மியூசிக் நிறுவனம் 35 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. அதில் வாழ்நாள் முழுவதும் எழுதியவர்கள் தங்கள் கோப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்ற ஓட வேண்டியதாயிற்று. மென்பொருள்களுக்கு இடையே ஸ்கோரைக் கடத்துவதற்காக மைக்கேல் குட் உருவாக்கிய ‘மியூசிக்எக்ஸ்எம்எல்’ என்ற பொதுவடிவம் அப்போது கைகொடுத்தது. ஸ்வரங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பக்க அமைப்பும் சிறு குறிகளும் ஆங்காங்கே சிதறின. சுப்பராம தீட்சிதரின் நூலுக்கு இந்தக் கவலை இல்லை. சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் பல பாகங்களாக வெளியிட்டபோது, 1904-இன் தெலுங்குப் பக்கங்களைத் திறந்து படிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கமகக் குறிகளுக்கு என்ன பொருள் என்று சொல்லும் பட்டியலையும் தீட்சிதரே நூலில் சேர்த்து வைத்திருந்தார்.